ஔவையாரைக் காணவில்லை

இந்த வாரம் முழுக்க மட்டக்களப்பு கல்லடியில் ஒரு நூலக மேசையில்தான் இருக்கிறேன். நாங்கள் கட்டிய மின்னூலகத் தேடல் பக்கத்தைச் சோதிக்கிறோம். பெரிதாக ஒன்றுமில்லை, ஒருவரை இருத்தி "இன்ன புத்தகத்தைத் தேடி எடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. வாயை மூடுவதுதான் கஷ்டம்.

ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வந்தார். போனில் ஔவையார் என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை. மறுகா அடித்தார். இல்லை.

"என்ன மனே, ஔவையாரே இல்லாத நூலகமா?"

எட்டிப் பார்த்தேன். அவர் அடித்தது 'ஒ', பக்கத்தில் 'ள'. கண்ணுக்கு 'ஔ' மாதிரியேதான் தெரியும். ஆனால் கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் வைத்திருக்கும் யூனிகோடில் ஔ ஒரே எழுத்து, ஒள இரண்டு எழுத்து. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். மாதக்கணக்கில் வேலை செய்த எங்களுக்கு இது தோன்றவே இல்லை, வெட்கம்தான்.

அப்புறம், 'மட்டக்களப்பில்' என்று தேடினால் 'மட்டக்களப்பு' வராது. கடைசியில் வரும் 'இல்' போன்ற உருபை வெட்டக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சிங்களத்தில் மடகலபுவ, ஆங்கிலத்தில் பட்டிக்கலோ. எல்லாம் ஒரே ஊர் என்று யாராவது அட்டவணையில் எழுதி வைத்தால்தான் உண்டு. பொத்தான்களை மூன்று மொழியில் போட்டால் பன்மொழித் தேடல் ஆகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான்.

ஔ திருத்தம் நேற்றிரவே போட்டாச்சு. ரீச்சர் நாளைக்கு மறுகா வருகிறார். காரைதீவு விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' தேடுவாராம், 1947இல் வெளிவந்தது. அதைச் சேர்த்து அடிப்பாரா, பிரித்து அடிப்பாரா என்று இப்பவே பயமாக இருக்கிறது.