கதவுக்கு இந்தப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

கைக்குழந்தை உள்ள வீட்டில் பத்து நிமிடம் சும்மா கிடைத்தால், எதைச் செய்வது என்று நிற்பதிலேயே ஆறு நிமிடம் போய்விடுகிறது. துணி மடிக்கவா, குளிக்கவா, படுக்கவா. நின்றபடியே கை தானாகப் போனை எடுக்கிறது. மீதி நாலும் அங்கே காலி.

களைத்த மண்டைக்கு முடிவெடுப்பதும் ஒரு வேலை. அந்த வேலையை முந்தின இரவே முடித்து வைக்க வேண்டும். துண்டுச் சீட்டு ஒன்று, மூன்று வரி, ஃபிரிட்ஜ் கதவில். 2 நிமிடம் கிடைத்தால் மூச்சு. 10 கிடைத்தால் தரையில் மல்லாந்து படுத்து, முழங்கால் மடித்துக் கெண்டைக்காலை நாற்காலி மேல் வைப்பது. 20 கிடைத்தால் தூக்கம். நாலாவது வரி கூடாது. நாலாவதாக வருவது எப்போதும் வீட்டு வேலைதான்.

ஜூன் 4, புதன்

நாலாவது வரி வந்துவிட்டது. ‘பாட்டில் கழுவ.’ கிழித்தாயிற்று. புதுச் சீட்டு.

ஜூன் 6, வெள்ளி

மூச்சு. 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. ஒரு சுற்று 10 வினாடி, நிமிடத்துக்கு ஆறு, 2 நிமிடத்துக்குப் பன்னிரண்டு. விரல் கணுக்களில் எண்ணினால் கடிகாரம் தேவையில்லை. ஒரு கையின் நாலு விரலில் கணு பன்னிரண்டு.

உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகம் பிடிக்கும், விடும்போது மெதுவாகும். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். வாயைக் குவித்து, சூடான டம்ளரை ஊதுவது போல விடலாம்.

இதிலும் கெடுத்துக்கொள்ள வழி உண்டு. ‘ஆழமாக மூச்சு விடு’ என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, நெஞ்சு முட்ட இழுக்கிறோம். அப்படி இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். இழுப்பது சாதாரண மூச்சுதான். நிதானமாக இருந்தால் போதும்.

பால் கொடுக்கும்போது செய்யலாம். கைதான் மாட்டிக்கொண்டிருக்கிறது, மூக்கு சும்மாதானே இருக்கிறது.

ஜூன் 7, சனி, இரவு 2.40

பசி இல்லை. டயப்பர் மாற்றியாயிற்று. காய்ச்சல் இல்லை. விரலில் நூல், முடி சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. அழுகை நிற்கவில்லை.

இதற்கு மேல் செய்ய வேண்டியது: மரத்தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைப்பது. மெத்தை தட்டையாக. தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய் டைமரில் 10 நிமிடம். பிறகு வந்து பார்ப்பது. பாதுகாப்பான இடத்தில் பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு தடவை உலுக்கினாலும் மூளையில் ரத்தம் கசியலாம். எழுதவே கை நடுங்குகிற வரி, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

எப்போது கீழே வைப்பது? கோபம் வந்த பிறகு அல்ல. பல்லைக் கடிக்க ஆரம்பிக்கும்போதே. குழந்தையின் முதுகில் விரல் இறுகுவது தெரியும்போதே.

அழுகை பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் உச்சிக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் அடங்கும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் டைமர் கிடையாது, மூச்சு கிடையாது, நேராக டாக்டர்.

கதவு சாத்தியிருக்கிறது. இன்னும் ஏழு நிமிடம்.

ஜூன் 8, ஞாயிறு

மணிக்கட்டு.

ஜூன் 9, திங்கள்

இயர்பிளக். குழந்தையின் காதை அடைக்க அல்ல, நம் காதை. இதைச் சொன்னதும் சிலர் பார்க்கிற பார்வை இருக்கிறதே! தோளில் போட்டிருக்கும் குழந்தையின் அழுகை காதருகே 100 டெசிபலைத் தாண்டும். நுரை பிளக் அட்டையில் 30 என்று போட்டிருந்தாலும், நாம் மாட்டுகிற லட்சணத்தில் அதைவிடக் குறைவாகத்தான் தடுக்கும். அழுகை நன்றாகவே கேட்கும், அந்தக் கூர் மட்டும் மழுங்கும். தாலாட்டும் கைக்கு அந்த மழுக்கம் தேவை.

நிறையப் பேர் இதைத் துளையின் வாயில் வைத்து அமுக்கிவிட்டு ‘பிரயோஜனம் இல்லை’ என்கிறார்கள். கையைக் கழுவித் துடைத்து, மடிப்பு விழாமல் மெல்லிய குச்சி போல உருட்ட வேண்டும். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துளை நேராகும். அப்போது உள்ளே செருகி, விரலை எடுக்காமல் 20 முதல் 30 வினாடி, நுரை விரியும் வரை. பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றி மறுபடி. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்த வேண்டும். பொத்தும்போது சத்தம் இன்னும் நிறையக் குறைந்தால் பிளக் உட்காரவில்லை.

எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுப்பது. கழற்றியதைக் கட்டிலில் வைக்கவே கூடாது. அது சின்னவன் வாய்க்குச் சரியான அளவு. வீட்டில் வேறு பெரியவர் விழித்திருந்தால் ஒழிய, போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது.

ஜூன் 11, புதன்

20 நிமிடத் தூக்கத்துக்கு டைமர் 25-ல். கண் செருக ஐந்து. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கம் தொடங்கும். அதன் நடுவே எழுப்பினால் படுத்ததற்கு முன்பிருந்ததைவிட மோசமாக இருக்கும், தலையில் ஈரச்சாக்கு போட்ட மாதிரி. ஒன்று 20, அல்லது ஒரு முழுச்சுற்று, ஏறக்குறைய 90. நடுவில் உள்ளதெல்லாம் நஷ்டம்.

காபி குடிப்பதானால் படுப்பதற்கு முன்பே ஒரு கப். அது வேலையைக் காட்ட 20, 30 நிமிடம் எடுக்கும், எழும்போது சரியாக வந்து நிற்கும். மாலை 4 மணிக்குப் பிறகு வேண்டாம். சராசரியாக ஐந்து மணி நேரம் கழித்தும் காஃபினில் பாதி உடம்பிலேயே இருக்கும். தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும், பிறந்த குழந்தையின் உடம்பு அதை வெளியேற்ற நாள்கணக்கில் எடுக்கும், அளவோடு.

சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு ‘கண்ணை மட்டும் மூடுகிறேன்’ என்பது கூடாது. மெத்தை இடுக்கில் முகம் புதைந்தால் சத்தமே வராது. தூக்கம் தள்ளினால் முதலில் குழந்தை தொட்டிலுக்கு.

ஜூன் 12, வியாழன்

சீட்டைப் பார்க்கவில்லை. தூங்கவில்லை. மூச்சாவது மண்ணாவது.

ஜூன் 14, சனி

இரண்டு குழந்தைகளும் தூங்கியபின் 10.30-க்கு வீடு நமக்கென்று ஆகிறது. உடம்பு படு என்கிறது, மனசு மாட்டேன் என்கிறது. பகல் முழுக்கப் பறிகொடுத்ததை ராத்திரியில் பிடுங்கிக்கொள்ளும் வெறி. ‘சீக்கிரம் படு’ என்ற உபதேசம் இங்கே எடுபடாது, ஏனென்றால் அந்த ஆசை நியாயமானது.

வரிசையை மாற்றினால் கொஞ்சம் நடக்கிறது. பல் தேய்ப்பது, கதவு பூட்டுவது, நாளைக்கான பாட்டில், உடை மாற்றுவது, எல்லாம் முதலில். அதற்குப் பிறகு அரை மணி நமக்கு. முடிவில் செய்ய மிச்சம் இருப்பது சாய்வது மட்டும். படுக்கப் போகாமல் இழுத்தடிக்க வைப்பது பாதி நேரம் அந்தப் பல்தேய்ப்புதான். போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கட்டும்.

இரவைப் பங்கு போடுவது: 9 முதல் 2 ஒருவர், 2 முதல் 7 மற்றவர். ஆளுக்கு ஐந்து மணி நேரம் உடையாத தூக்கம். துண்டு துண்டாக ஏழு கிடைப்பதைவிட இது மேல். முறை இல்லாதவர் வேறு அறையில், பிளக்கோடு, கதவைச் சாத்தி. படுத்துக்கொண்டே ‘ஏன் இன்னும் அழுகிறான்’ என்று காதைத் தீட்டினால் எல்லாம் வீண். முறை மாறும்போது கேள்வி கேட்டு எழுப்பாமலிருக்க ஒரு சிலேட்: கடைசியாகப் பால் எத்தனை மணிக்கு, எவ்வளவு, டயப்பர் எப்போது. தாய்ப்பால் மட்டும் என்றால் ஒரு வேளையைப் பீய்ச்சி வைக்கலாம். பால் இன்னும் நிலைப்படாத முதல் வாரங்களில் அவசரம் வேண்டாம்.

தனி ஆளாய் வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. ‘ஏதாவது உதவி வேணுமா’ என்று யாராவது கேட்டால் ‘பரவாயில்லை’ என்பதற்குப் பதில், ‘வியாழன் 2 மணியிலிருந்து 5 வரை இவனைப் பார்த்துக்கொள்ள முடியுமா’. நாளும் மணியும் சொன்னால் ஆள் வருவார். ‘எப்போதாவது’ என்று சொன்னால் வர மாட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

மணிக்கட்டு. கட்டைவிரலை உள்ளே வைத்து முட்டியை மூடி, சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்தால் கட்டைவிரல் அடியில் சுள்ளென்று வலிக்கிறதா? அது பெரும்பாலும் தசைநாண் உறையின் வீக்கம். டி குவெர்வேன் என்று பெயர். 1895-ல் விவரித்த மருத்துவரின் பெயர். குழந்தையின் அக்குளுக்கு அடியில் கட்டைவிரலை விரித்து, ‘ட’ மாதிரி பிடித்துத் தூக்கித் தூக்கி வருவது.

மாற்றுவழி, அள்ளுவது. உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கை புட்டத்தின் கீழ், ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் கீழ், மணிக்கட்டு வளையாமல், பாரம் முன்கையில். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை போடலாம். மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டை பயன்படாது. ராத்திரி ஒற்றைக் கையால் போன் தள்ளுவதும் அதே விரல்தான்.

ஜூன் 18, புதன்

பெரியவளுக்கு ‘அமைதி நேரம்’. தூங்க வேண்டியதில்லை, அறையில் தனியாக விளையாடினால் போதும். முதல் நாள் 5 நிமிடம், மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டலாம். முதல் நாளே அரை மணி என்றால் கதவடியில் அழுகைதான். அவள் கதவு திறந்தே இருக்கட்டும். மணல் கடிகாரம் நல்லது. எண் தெரியாத வயதுக்கும் மணல் குறைவது தெரியும். அப்போது மட்டும் வெளியே வரும் ஒரு பெட்டி, நாலைந்து சாமான், பேட்டரி போட்டது எதுவும் இல்லாமல்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம். மூன்றாவது நிமிடத்தில் எட்டிப் பார்ப்பது. அல்லது, மணல் தீர்ந்தும் ‘சமர்த்தாக இருக்கிறாளே’ என்று போகாமலிருப்பது. முதல் வாரம் தீர்ந்த நொடியே போய் நிற்க வேண்டும். சொன்னபடி வருவோம் என்று நம்பினால்தான் அடுத்த வாரம் விடுவாள்.

ஜூன் 20, வெள்ளி

டீ, சூடாக. காலையிலேயே ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்ததால்.

ஜூன் 22, ஞாயிறு

சீட்டுக்கு அடங்காதவை.

குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக் கிடப்பது. எதிலும் ருசி இல்லாமல் போவது. பேறு முடிந்த முதல் நாள்களின் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். தாண்டினால் அதற்கு வேறு பெயர், பேறுக்குப் பிந்தைய மனச்சோர்வு. வைத்தியமும் உண்டு. எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று, 1987-ல் வந்தது, பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி, மொத்தம் 30 மதிப்பெண். டாக்டரிடம் கேட்டால் தருவார். அதுவே நோயைத் தீர்மானிக்காது, பேச்சைத் தொடங்கி வைக்கும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே டாக்டர், அதுவரை தனியாக இருக்கக் கூடாது. இந்த மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும்.

தூங்கியும் தீராத களைப்புக்கு ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு. பேறு முடிந்த ஒரு வருடத்துக்குள் தைராய்டு தடுமாறுவது உண்டு, ‘அம்மா ஆனால் இப்படித்தான்’ என்ற பேச்சில் அது ஒளிந்துகொள்ளும்.

நாளை காலை 9-க்குப் போன் பண்ண. நாலாவது வரியாக இது மட்டும் இருக்கலாம்.

ஜூன் 23, திங்கள்

சீட்டு ஈரக்கை பட்டு மை ஓடிவிட்டது. பென்சிலால் எழுத வேண்டும்.

2 – மூச்சு.
10 – தரை, நாற்காலி.
20 –