கரையில் நின்று எண்ண வேண்டியவை

"இன்னைக்கு 5,000 மீட்டர்" என்று நீச்சல் குளத்துப் போர்டில் கோச் எழுத இரண்டு நொடி போதும். அதையே தோளின் கணக்கில் எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும். கைகளை மாறி மாறி வீசும் ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டருக்கு 18 கைவீச்சு என்று வைத்தால் 5,000 மீட்டருக்கு 3,600. ஒரு தோளுக்கு 1,800. வாரத்தில் ஆறு நாள் என்றால் 10,800. தோள்மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. எலும்பின் தலையை அதன் நடுவில் பிடித்து வைப்பதில் பெரும் பங்கு, சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளுக்கு. அவை களைத்த பிறகும் பிள்ளை நீந்திக்கொண்டேதான் இருக்கும், ஆனால் சுமை தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களின் மேல் இறங்கிவிடும்.

அந்த நேரத்தைக் கரையில் நின்றே பார்த்துவிடலாம். தண்ணீருக்குள் இழுக்கும்போது முழங்கை தாழும். கை தலைக்கு நேரே, நடுக்கோட்டைத் தாண்டி விழும். மூச்செடுக்கத் தலை மேலே தூக்கும். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம், எண்ணுங்கள். 50 மீட்டரை 40 நொடியில் 40 வீச்சில் முடிக்கிற பிள்ளை, அதே 40 நொடிக்கு இன்று 44 வீச்சு போட்டால் உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். ஸ்டாப்வாட்ச் இதைக் காட்டாது, நேரம் சரியாகத்தான் இருக்கும். செட்டை அங்கேயே நிறுத்தி, மீதியைக் கால் உதையாக மாற்றுவது நல்லது. களைப்பில் கெட்ட பாணியோடு போடும் கடைசி 800 மீட்டர், அந்தக் கெட்ட பாணியைத்தான் பழக்குகிறது.

மீட்டரை மட்டும் எழுதி வைப்பது பாதிக் கணக்கு. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, "பத்துக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டு, அந்த எண்ணை நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். 90 நிமிடம், கஷ்டம் 6 என்றால் 540. தனியாகக் கேட்க வேண்டும். மற்ற பிள்ளைகள் முன்னால் "நாலுதான் சார்" என்று சொல்கிற பையன், ஈர டவலைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் அருகே அப்பாவின் வண்டிக்குக் காத்திருக்கும்போது "ஏழு சார்" என்பான். கோச் 4 என்று திட்டமிட்ட நாளைப் பிள்ளை 7 என்று உணர்ந்தால், அந்த இடைவெளியைத்தான் விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் குளத்தில் இருக்காது. தேர்வு, டியூஷன், பள்ளி விளையாட்டு விழா ஒத்திகை என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஏழு நாளும் ஒரே அளவாக 500, 520, 510 என்று போகும் வாரமும் ஆபத்தானதே. லேசான நாள் உண்மையிலேயே லேசாக இருக்க வேண்டும்.

தூக்கத்தின் கணக்கு இன்னும் கடினம். 5 மணிப் பயிற்சிக்கு 4.15-க்கு எழுகிற பிள்ளை, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்க 10.30 ஆகிவிடுகிறது. ஆறு மணி நேரம்கூட இல்லை. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். காலைப் பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைப்பது பல கோச்சுகளுக்கு மனம் ஒப்பாத காரியம். ஆனால் வேறு எந்த மாற்றமும் இந்த அளவுக்குப் பலன் தராது என்பது எங்கள் கருத்து.

மாதம் ஒருமுறை செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி உயரம் அளக்கலாம். பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் சட்டென்று வளர்கிறார்கள். ஒரே மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்தால் கை கால் நீளம் மாறி, பழகிய வீச்சு பிசகும். அதை அலட்சியம் என்று திட்டுவது அநியாயம். அந்த மாதங்களில் உள்ளங்கையில் மாட்டும் தட்டையான பேடிலைக் கழற்றி வைத்து, இரு கைகளையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃபிளையைக் குறைத்தால் போதும்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். "கடுமையா பிராக்டிஸ் பண்றா, அதான்" என்று விட்டுவிடுகிறார்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பும் பலவீனமாகும். பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நான்கு இட்லியும் முட்டையும், அல்லது வாழைப்பழமும் சுண்டலும் பையில் இருக்கட்டும்.

இனி வலி. இரண்டு தோளிலும் பரவலாக இருந்து இரண்டு நாளில் போவது தசை வலி. ஒரு தோளின் முன்பக்கம் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, அந்தப் பக்கம் படுத்தால் வரும் வலி, ஸ்கூல் பையை மாட்டும்போது சுள்ளென்பது எல்லாம் வேறு ரகம், பிசியோ பார்க்க வேண்டியவை. தவளை போல் உதைக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்காரர்களுக்கு முழங்காலின் உள்பக்கத்தையும், பட்டர்ஃபிளைக்காரர்களுக்கு இடுப்புக்கு மேல் முதுகையும் கேளுங்கள். முதுகைப் பின்னால் வளைத்தால் வலிப்பது சில வாரம் நீடித்தால், எலும்பில் கீறல் உண்டா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும்.

தோள் வலிக்கும் பிள்ளையிடம் பிடித்துக்கொண்டு உதைக்கும் மிதவைப் பலகையான கிக்போர்டைக் கொடுத்து, "சும்மா காலை மட்டும் அடி" என்பது எல்லாக் குளங்களிலும் நடக்கும் தவறு. கைகளை முன்னால் நீட்டிப் பலகையை அழுத்தும்போது, எந்த நிலையில் தோளுக்கு வலியோ அதே நிலையில் அதைப் பூட்டி வைக்கிறோம். கைகளை உடம்போடு ஒட்டி மல்லாந்து உதைக்கச் சொல்லலாம். ஜோடி நின்று கைகளைப் பின்னால் இழுத்துவிடும் நீட்டலையும் நிறுத்துங்கள், நீச்சல் பிள்ளைகள் பலருக்கு மூட்டு ஏற்கெனவே தேவைக்கு மேல் தளர்வு. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சிறு டவலைச் செருகி, ரப்பர் பேண்டை வெளிப்பக்கமாக இழுப்பது 15 தடவை, இரண்டு மூன்று செட், வாரம் மூன்று நாள். நீந்துவதற்கு முன்னால் களைத்துப் போகும் அளவுக்குச் செய்யக் கூடாது.

வலி தீர்ந்து பயிற்சிக்குத் திரும்ப வரும்போது முதல் வாரம் பழைய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, நிதானமான ஃப்ரீஸ்டைல், நடுநடுவே உதை. மறுநாள் காலை வலி இல்லையென்றால் மட்டும் கொஞ்சம் கூட்டலாம். தூரம் திரும்பிய பிறகே வேகம். பேடிலும் பட்டர்ஃபிளையும் எல்லாவற்றுக்கும் பிறகு, அடுத்த போட்டி எந்த தேதியில் இருந்தாலும்.