கவிழ்த்த தொட்டியில் தண்ணீர் நிற்கும் விதம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் உள்ள சிமெண்டுத் தொட்டியில் கப்பி மீன்கள் வளர்க்கிறேன். சென்ற கோடையில், 30 சென்டிமீட்டர் சதுரமும் 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிப் பெட்டி ஒன்றை அதற்குள் படுக்கவைத்து முழுவதும் நிரப்பி, வாய் கீழே இருக்கும்படி திருப்பி, இரண்டு வரிசைச் செங்கற்களின் மேல் தூக்கி நிறுத்தினோம். வாய்ப்பகுதி 5 சென்டிமீட்டர் நீருக்குள் இருக்க, மீதி 40 சென்டிமீட்டரும் தண்ணீரோடு நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறது. மாலை வெயிலில் மீன்கள் கீழிருந்து அதற்குள் ஏறி வரும் காட்சி அவ்வளவு அழகு.

இதை வெற்றிடத் தொட்டி என்று சொல்கிறார்கள். ஆனால் உள்ளே வெற்றிடம் எதுவும் இல்லை. மேலிருந்து எதுவும் தண்ணீரை இழுத்துப் பிடிக்கவும் இல்லை. சிமெண்டுத் தொட்டியின் திறந்த நீர்ப்பரப்பைக் காற்று அழுத்துகிறது. அந்த அழுத்தமே பெட்டிக்குள் இருக்கும் நீரைக் கீழிருந்து தாங்குகிறது. நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று இத்தாலிய அறிவியலாளர் டோரிசெல்லி 1644இல் ஒரு கடிதத்தில் எழுதியது இதைத்தான். கடல்மட்டத்தில் அந்தக் காற்றால் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயர நீரைத் தாங்க முடியும் என்பதால், 40 சென்டிமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் பெட்டிக்கு எடையே இருக்காது என்று நானும் முதலில் எண்ணியிருந்தேன். தம்பியும் நானும் தூக்கியபோது, நீரை விட்டு மேலே வர வர அது கனத்துக்கொண்டே போனது. கவிழ்த்ததும் பெட்டியின் அடிக்கண்ணாடி உச்சிக்கு வந்து மூடியாகிவிடுகிறது. அந்த மூடியின் மேல் காற்று சுமார் 930 கிலோ எடைக்கு நிகராக அழுத்துகிறது. உள்ளிருந்து நீர் மேல்நோக்கித் தருவதோ சுமார் 894 கிலோதான். மீதி 36 கிலோ செங்கற்களின் மேல் இறங்குகிறது. அது மேலே நிற்கும் 36 லிட்டர் நீரின் எடையேதான். எனவே சுவர்களைவிட மூடிக்கே தடித்த கண்ணாடி தேவை.

சாதாரணத் தொட்டி ஒழுகினால் தரை நனையும். இதில் ஒழுக்கு என்பது காற்று உள்ளே நுழைவது. தினமும் காலையில் உள்ளே நீர் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. எங்கும் ஈரம் இல்லை. சோப்பு நுரையை மூட்டுகளில் தடவிப் பார்த்தபோது, மேல்மூலையில் ஓரிடத்தில் மட்டும் நுரை உள்ளே உறிஞ்சப்பட்டது. வெளியிலிருந்தே சிலிக்கான் பசை வைத்தேன். அழுத்த வேறுபாடே பசையை விரிசலுக்குள் இழுத்துக்கொண்டது. இத்தகைய தொட்டி வைப்பவர்கள், மேலே உள்ள நீர் முழுவதும் ஒரே நாளில் இறங்கினாலும் வழியாத அளவுக்குக் கீழ்த்தொட்டியில் காலியிடம் விட்டே ஆக வேண்டும்.

ஒழுக்கை அடைத்த பிறகும் மூடியின் அடியில் சிறு குமிழிகள் சேரும். உச்சியில் அழுத்தம் வெளியைவிட 4 சதவீதம் குறைவு. அழுத்தம் குறையும்போது நீரில் கரைந்த வாயுக்கள் பிரிந்து வெளியேறும். 2 மீட்டர் உயரமான தொட்டியில் இந்தக் குறைவு ஏறத்தாழ 20 சதவீதம். வாரம் ஒருமுறை மெல்லிய குழாயைப் பெட்டியின் வாய் வழியே உச்சிவரை செலுத்தி அந்தக் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறேன்.

மீன்களின் மூச்சுதான் எனக்கு முக்கியக் கவலை. மேலே உள்ள நீருக்கு வெளிக்காற்றோடு தொடர்பே இல்லாததால், அங்கே ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். அதனால் சிறு மோட்டார் ஒன்று கீழ்நீரைக் குழாய் வழியே உச்சிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இரு நீரும் ஏற்கெனவே சமநிலையில் இருப்பதால் அது உயரத்தை எதிர்த்து உழைக்க வேண்டியதில்லை. குழாயின் உராய்வை வென்றால் போதும். நீரில் காற்றுக் குமிழிகளை விடும் காற்றுக்கல்லை மட்டும், குமிழிகள் உள்ளே ஏறிவிடாதபடி, பெட்டியின் வாயிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும்.

சண்டை மீனையும் கோராமியையும் தயவுசெய்து இதில் விடாதீர்கள். அவை நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைக் குடிப்பவை. மூச்சுக்காக உச்சிக்கு ஏறும் மீன் அங்கே கண்ணாடியில்தான் முட்டும்.