மரபியலுக்கு நச்சினார்க்கினியர் உரையா?

ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: ‘தொல். பொருள். மரபு., நச்.’ தொல்காப்பியம், பொருளதிகாரம், மரபியல், நச்சினார்க்கினியர் உரை என்று பொருள். மேலே ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’ நூற்பா, ஓர் எழுத்தும் பிசகாமல். மரபியலுக்குப் பழைய உரை என்று கிடைப்பவை இளம்பூரணருடையதும் பேராசிரியர் என்னும் உரையாசிரியருடையதும்தான். பொருளதிகாரத்தில் நச்சினார்க்கினியர் உரை முதல் ஐந்து இயல்களுக்கும் செய்யுளியலுக்கும் மட்டுமே இருக்கிறது.

கேட்டதற்கு ஆய்வாளர் சொன்ன பதில்: “ஒரு ஆய்வு நூல்ல அப்படித்தான் போட்டிருந்தாங்க ஐயா. நூற்பா சரியாத்தானே இருக்கு?”

சரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் உடனே மறுத்துப் பேச வரவில்லை. ஆனால் அடிக்குறிப்பு, எழுதியவர் எந்த நூலைப் புரட்டினார் என்பதற்குச் சாட்சி. உரைக்கு உரை நூற்பாக்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் மாறுவதால் எண்ணும் மாறும். உரையாசிரியர் பெயர் தவறினால் அந்த எண்ணை வைத்துத் தேடுகிறவர் வேறு நூற்பாவில் போய் நிற்பார். மூலம் கைக்கு வராதபோது, பார்த்த நூலின் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பு ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் கொடுத்து ‘மேற்கோளாக எடுத்தாண்டது’ என்று சேர்த்துவிடலாம். ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

அந்த வரியை எழுத ஆய்வாளர்கள் ஏன் கூசுகிறார்கள் என்பதும் தெரியாததல்ல. வாய்மொழித் தேர்வில் “மூலத்தைப் பார்க்கலையா?” என்ற கேள்வி அங்கேதான் விழும். உள்ளதைச் சொன்னவர் மாட்டிக்கொள்கிறார், மறைத்தவர் தப்பித்துவிடுகிறார். ஆனாலும் தொல்காப்பிய உரைகள் கிடைக்காத அரிய சுவடிகள் அல்லவே. நூலகத்தில் எடுத்துப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

ஆய்வேட்டின் அதே இயலில் இன்னொரு கோளாறும் இருந்தது. இடையில் புதிதாக ஓர் அடிக்குறிப்பு நுழைந்ததில், முந்தைய குறிப்பின் நூலையே குறிக்கும் ‘மேலது, ப. 64’ வேறொரு நூலைச் சுட்டிக்கொண்டிருந்தது. வேர்டு எண்களை மாற்றிக்கொள்ளும், ‘மேலது’வைத் தொடாது. வரைவு முடியும்வரை ஆசிரியர் பெயரும் குறுந்தலைப்பும் போட்டுவைத்து, ‘மேலது’வைக் கடைசியில் இடுவது நல்லது. இதைத் திருத்துவது எளிது, திருத்தியாயிற்று.

‘நச்.’ விஷயத்தில் எடுத்த முடிவுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த ஒரு குறிப்பை மட்டும் ‘பேரா.’, அதாவது பேராசிரியர் உரைப் பதிப்பைப் பார்த்துத் திருத்தச் சொல்லி ஆய்வேடு மேலே அனுப்பப்பட்டது. சமர்ப்பிக்கும் கெடு நெருங்கியிருந்தது. எல்லாக் குறிப்புகளையும் மூலத்தோடு ஒப்பிடு என்றால் இன்னொரு பருவம் போயிருக்கும். நியாயமான முடிவு என்றுதான் தோன்றியது. ஆனால் மரபியலுக்கு நச்சினார்க்கினியர் உரை கிடைக்காததால்தானே இது கண்ணில் பட்டது? களவியலிலும் கற்பியலிலும் வரிசையாக ‘நச்.’, ‘நச்.’ என்றே இருந்தது. அங்கே அவர் உரை இருக்கிறது.