க்ளொக்வர்க் ஒரேஞ்ச்: இடைவேளையை எங்கே விடுவது?

ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ க்ளொக்வர்க் ஒரேஞ்ச்' 1971-ல் வந்த படம். ஐம்பது வருடம் தாண்டியும் இதைப் பார்த்துவிட்டு எழுகிறவர்கள் இரண்டு கட்சியாகத்தான் எழுகிறார்கள். "இந்த அசிங்கத்தையா கொண்டாடுகிறீர்கள்?" என்று ஒரு கட்சி. "இவ்வளவு நேர்மையான படம் குறைவு" என்று மற்றக் கட்சி. இரண்டு பக்கத்தின் வாதத்தையும் உன்னிப்பாகக் கேட்டால் ஒன்று தெரியும். முதல் கட்சி, அலெக்ஸ் என்ற இளைஞனும் கூட்டாளிகளும் செய்யும் வன்முறை வரும் முதல் முக்கால் மணித்தியாலத்தைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாம் கட்சி அதற்குப் பிறகு அரசாங்கம் அவனைப் பிடித்துத் 'திருத்துவதை'ப் பற்றிப் பேசுகிறது. அதனால் விவாதம் ஒட்டாமலே முடிந்துவிடுகிறது.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஒரு வாசகர் வட்டமோ இளைஞர் கழகமோ இதைப் போட்டுப் பேச நினைத்தால், படம் சரியாகப் போய்ச் சேர என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம். வெளியாட்களை அழைத்துப் பொதுவில் காட்டுவதென்றால் உரிமையும் தணிக்கை அனுமதியும் வேண்டும்; அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். வயது 18-க்குக் குறைந்தவர்களை உள்ளே விட வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

முதலில் பிரதி. படத்தின் நீளம் 136 நிமிடம். பழைய ஐரோப்பிய டீவீடியில் 131 நிமிடம் என்றிருக்கும். உடனே "ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்" என்று பேச்சுக் கிளம்பும். வெட்டு ஒன்றும் இல்லை. செக்கனுக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படம் அந்த டீவீடியில் 25 பிரேமாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதனால் இரண்டு தொல்லை. பேத்தோவனின் இசை கொஞ்சம் சுருதி கூடிக் கேட்கும். இன்னொரு பிரதிக்குச் செய்த சப்டைட்டிலை இதில் பொருத்தினால் நிமிடத்துக்கு 2.4 செக்கன் விலகிப் போகும்; பத்தாவது நிமிடத்தில் வசனம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஆகவே சப்டைட்டிலின் முதல் வரியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், கடைசிக் காட்சியிலும் ஓட விட்டுப் பாருங்கள்.

"தடை செய்யப்பட்ட முழுப் பிரதி" என்று தேடி அலையவும் தேவையில்லை. அமெரிக்காவில் முதலில், வயது வந்தோருக்கு மட்டும் என்கிற எக்ஸ் சான்றிதழோடு வந்தது. 1972-ல் அதைவிடத் தளர்வான ஆர் சான்றிதழ் வாங்குவதற்காகக் குப்ரிக் சுமார் 30 செக்கன் காட்சியை வேறு காட்சியால் மாற்றினார். சண்டையெல்லாம் அந்த 30 செக்கனைப் பற்றியதுதான். பிரித்தானியாவில் அரசு தடை செய்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள், அதுவும் பிழை. அங்கே தணிக்கைச் சபை வெட்டில்லாமலே அனுமதித்தது. படத்தைப் பார்த்துக் குற்றம் செய்தார்கள் என்று பத்திரிகைகள் எழுத, குடும்பத்துக்கு மிரட்டல் வர, குப்ரிக்கே கேட்டு விநியோகத்தை நிறுத்தினார். 1999-ல் அவர் இறந்த பிறகு, 2000-ல்தான் அங்கே திரும்பவும் திரைக்கு வந்தது.

அடுத்தது மண்டபம். நம் பக்கத்தில் பெரும்பாலும் தகரக் கூரைதான். மழை விழுந்தால் இந்தப் படம் செத்துவிடும் என்றே சொல்லலாம். ஏனென்றால் படம் முழுக்க அலெக்ஸின் குரல் ஓடுகிறது. அவன் செய்கிறதை அவனே ரசித்துச் சொல்லுகிறான். அந்தக் குரல் மழையில் அமுங்கினால் மிச்சமிருப்பது அடி, உதை, இசை மட்டும். அப்படிப் பார்த்தவர் "வெறும் வன்முறை" என்று சொன்னால் அவரில் குறை காண முடியாது. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவ மழை மே முதல் செப்டெம்பர் வரை விடாது. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் கணக்கு வேறு: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வைத்துக்கொள்ளலாம், ஒக்டோபருக்குப் பிறகு வேண்டாம்.

படத்தின் ஒலி மோனோ. முன்னால் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வைத்து அலற விடுவதைவிட, இரண்டு சின்ன ஸ்பீக்கரை இரு பக்கச் சுவரிலும் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் வையுங்கள். பேஸைக் குறையுங்கள். வெண்டி கார்லோஸின் சிந்தசைசர் இசையில் அடிநாதம் தடிப்பானது, பேஸைக் கூட்டினால் குரலை விழுங்கிவிடும். பால் கடையில் வரும் முதல் காட்சியில் அலெக்ஸின் குரல் கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்துவிட்டு, அதன் பிறகு கை வைக்காதீர்கள்.

புரொஜெக்டரைக் குளிரில் கொண்டுவந்து ஆட்கள் நிறைந்த அறையில் வைத்தவுடன் லென்ஸில் பனி படியும். துணியால் துடைக்க வேண்டாம், அரை மணித்தியாலம் முன்பே கொண்டுவந்து வைத்தால் தானாகப் போய்விடும். கரண்ட் போனால் பல்ப் சூட்டோடு நிற்க விசிறியும் நின்றுவிடும். பல்ப்பின் ஆயுள் அங்கேதான் குறைகிறது. சின்ன யூ.பி.எஸ். ஒன்றிருந்தால் போதும். படத்தைத் திரை முழுக்க இழுத்து நிரப்ப வேண்டாம். குப்ரிக் 9.8 மில்லிமீற்றர் லென்ஸ் வரை பயன்படுத்திய படம் இது. ஓரங்கள் வளைவது அவர் வேண்டுமென்றே செய்தது. நாமும் இழுத்தால் முகங்கள் கோணிப் போகும். இரு பக்கமும் மெல்லிய கறுப்புப் பட்டை இருந்தால்தான் அளவு சரி.

தொடங்குமுன் எச்சரிக்கை சொல்வதைச் சடங்காகச் செய்யாதீர்கள். பெண்கள் மீதான இரண்டு பாலியல் வன்முறைக் காட்சிகள் முதல் கால் மணித்தியாலத்துக்குள்ளேயே வந்துவிடும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கதவைப் பூட்ட வேண்டாம், வாசல் பக்கம் ஒரு சின்ன வெளிச்சம் இருக்கட்டும். இளைஞர்களின் பேச்சுமொழியில் புரியாத சொற்கள் நிறைய வரும். ரஷ்ய மொழியை வைத்து நாவலாசிரியர் அந்தோனி பேர்ஜஸ் உருவாக்கியவை அவை. அர்த்தம் தேடிப் போனை எடுக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் பழகிவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இனி இடைவேளை. வழக்கமாக நடுவில், அதாவது 68-வது நிமிடத்தில் நிறுத்துவார்கள். அல்லது அலெக்ஸ் பிடிபட்டவுடன் நிறுத்துவார்கள். இரண்டுமே பிழை. பஸ்ஸுக்குப் போகிறவர், வீட்டில் வேலை இருக்கிறவர், படம் பிடிக்காதவர் எல்லாரும் இடைவேளையில்தான் எழுந்து போவார்கள். அலெக்ஸ் பிடிபட்ட இடத்தில் போனவர் அடிதடிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகிறார். 14 வருடத் தண்டனை, அதில் இரண்டு வருடம் கழிந்ததும், மருந்தால் குமட்டலை வரவழைத்து வன்முறைப் படங்களைக் கட்டாயமாகப் பார்க்க வைத்துப் பதினைந்து நாளில் "திருத்தி" விடுதலை செய்யும் அரசாங்கத் திட்டம், அதன் முடிவில் மேடையில் நடக்கும் காட்சிவிளக்கம்: இது வரைக்கும் நிறுத்தாதீர்கள். அதிகாரிகள் கூடியிருக்கும் சபையில் ஒருவன் அலெக்ஸைத் தன் சப்பாத்தின் அடியை நக்க வைக்கிறான். அலெக்ஸால் கை ஓங்க முடியவில்லை, குமட்டுகிறது. அவமானப்படுத்தியவன் நாடக நடிகன் மாதிரிக் குனிந்து வணங்க, சபை கைதட்டுகிறது. சிறைப் பாதிரியார் எழுந்து, தெரிவு செய்ய முடியாதவன் நல்லவனாகிவிட்டான் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். குற்றம் குறைய வேண்டும், சிறையில் நெரிசல் குறைய வேண்டும், எங்களுக்கு வேண்டியது அதுதான் என்கிறார் அமைச்சர். அங்கே நிறுத்துங்கள். அப்போது எழுந்து போகிறவரும் படத்தின் கேள்வியைக் கையோடு கொண்டுபோவார்.

பகல் 1.30-க்குத் தொடங்கினால் தேநீர் இடைவேளையோடு நான்கு மணிக்கு முடியும். பேசுவதற்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும், பஸ்ஸும் தப்பாது.

பேசுமுன் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து ஒரே ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலில் சத்தமாகப் பேசுகிறவரின் கருத்தே சபையின் கருத்தாகிவிடும். பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள். கேள்வியும் "படம் பிடித்ததா?" என்றிருக்கக் கூடாது. "அலெக்ஸ் மேல் உங்களுக்கு முதலில் இரக்கம் வந்தது எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். சிலர் கண் இமைகளைக் கொளுவியால் இழுத்துப் பிடித்த காட்சி என்பார்கள். (அந்தப் படப்பிடிப்பில் நடிகர் மல்கம் மெக்டவலின் கருவிழி உண்மையாகவே கீறுப்பட்டது.) சிலர் விடுதலையாகி வீட்டுக்கு வந்தவனின் அறையில் வேறொருவன் குடியிருக்கும் இடம் என்பார்கள். இரக்கமே வரவில்லை என்கிறவரும் இருப்பார், அவரை நன்றாகப் பேச விடுங்கள்.

ஏனென்றால் படத்துக்கு எதிரான வாதத்தில் வலுவான ஒன்று இருக்கிறது. விமர்சகர் போலின் கேல் 1972-லேயே சொன்னது அது: பாதிக்கப்பட்டவர்களை அலெக்ஸைவிட அருவருப்பானவர்களாகக் காட்டி, நம்மை அவன் பக்கம் சாய்த்துவிடுகிறார் குப்ரிக். நாவலோடு ஒப்பிட்டால் இதை மறுக்க முடியாது. நாவலில் அலெக்ஸுக்கு வயது 15, நடித்தவருக்கு 27. நாவலில் அவன் வீட்டுக்குக் கூட்டிவருவது பத்து வயதுச் சிறுமிகளை, குடிக்க வைத்து. படத்தில் அது சம்மதத்தோடு நடக்கும் வேக ஓட்டக் கொமடி. நாவலில் கொல்லப்படுகிறவள் பூனைகளோடு வாழும் வயோதிபப் பெண். படத்தில் ஆபாசச் சித்திரங்களுக்கு நடுவே வாழும், எரிந்து விழும் நடுவயதுக்காரி. இந்த மாற்றங்கள் தற்செயலாக நடக்கவில்லை. அமெரிக்க விமர்சகர் ரொஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு நான்கில் இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார். படத்தை மதிக்கிற நாங்களும் பெண்களைக் காட்டிய விதத்தில் இந்தக் குற்றச்சாட்டு நிற்கும் என்றே நினைக்கிறோம்.

ஆனால் படம் முழுக்கக் "கொலை மேல் கொலை" என்று சிலர் சொல்வது பிழையான ஞாபகம். அலெக்ஸின் கையால் நம் கண் முன்னே விழுகிற கொலை ஒன்றே ஒன்று. அதிலும் அடி விழுகிற கணத்தில் ஓவியங்களின் துண்டுகள்தான் திரையில் வருகின்றன. இரத்தம் மிகக் குறைவு. பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, அலெக்ஸ் கூட்டம் எழுத்தாளர் ஒருவரின் வீட்டில் புகுந்து அவர் மனைவியைத் தாக்கும் காட்சியைக் கவனியுங்கள். குதூகலமான ஒரு பழைய பாட்டு, தாளத்துக்கு ஓர் உதை. கமெரா தரை மட்டத்துக்கு இறங்கி, வாய் கட்டப்பட்டுக் கிடக்கும் கணவனின் முகத்தருகே போகிறது. நன்றாகப் பார் என்கிறான் அலெக்ஸ். காட்சி அங்கேயே வெட்டுப்படுகிறது. கட்டாயமாகப் பார்க்க வைப்பது என்ற தண்டனை பிறகு அலெக்ஸுக்கே திரும்பி வருகிறது.

மலையகத்தில் பேசும்போது விவாதம் சூடு பிடிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, அலெக்ஸின் பழைய சகாக்கள் இருவர் பொலிஸ் சீருடையில் வரும் காட்சி. தண்ணீர்த் தொட்டியில் அவன் தலையை அமுக்கிப் பிடிப்பதை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் காட்டுகிறார்கள். பொல்லடி ஒவ்வொன்றும் சிந்தசைசர் ஓசையாக விழுகிறது. இதற்கு இங்கே யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். மற்றது, சிறை இடம் அரசியல் கைதிகளுக்கு விரைவில் தேவைப்படலாம் என்று அமைச்சர் போகிற போக்கில் சொல்லும் வசனம். 1979-ல் தற்காலிகமென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வளர்ந்த நாட்டில் அந்த வசனத்தைக் கவனிக்காமல் போக முடியாது. 2022-ல், போதைக்கு அடிமையானோர் உள்ளிட்டவர்களைப் புனர்வாழ்வு நிலையங்களில் வைப்பதற்கான புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், திருத்தங்களோடு அது 2023 ஜனவரியில் நிறைவேறியதும் அண்மைக் கதை. "போதைக்காரனைப் பிடித்து அடைத்துத் திருத்தினால் என்ன தப்பு?" என்று கேட்கிறவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவரை மடக்க அவசரப்படாதீர்கள். பாதிரியாரா, அமைச்சரா, யார் பக்கம் என்று மட்டும் கேளுங்கள். அலெக்ஸ் உயிராக ரசித்த பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியும் சிகிச்சையோடு சேர்ந்து அவனுக்கு நஞ்சாகிப் போனதையும், மருத்துவர் அதைப் பெரிதாக எடுக்காததையும் நினைவுபடுத்துங்கள். திருத்தப் போனவர்கள் கூடவே எதைப் பிடுங்கினார்கள் என்பது அங்கே தெரியும்.

முடிவைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். நாவலுக்கு 21 அத்தியாயம். அமெரிக்கப் பதிப்பகம் கடைசி அத்தியாயத்தை விட்டுவிட்டது, 1986-ல்தான் அங்கே திரும்பச் சேர்த்தார்கள். குப்ரிக்கின் படம் அந்தக் குறைந்த வடிவத்தைப் பின்பற்றுகிறது. விடுபட்ட அத்தியாயத்தில் அலெக்ஸ் வளர்கிறான், வன்முறை அவனுக்குச் சலித்துப்போகிறது, குடும்பம் வேண்டும் என்று நினைக்கிறான். பேர்ஜஸுக்கு அது முக்கியம், ஒருவன் தானாகவே மாறலாம் என்பதுதான் அவர் கட்சி. எங்களுக்குப் படம் நிறுத்திய இடமே சரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அலெக்ஸ் குருவிக் குஞ்சைப் போல வாயைத் திறக்க, அமைச்சர் தன் கையால் ஊட்டிவிட்டு வேலையும் சம்பளமும் பேசுகிறார். காடையனும் அரசாங்கமும் ஒப்பந்தம் போட்ட பிறகு 21-ஆம் அத்தியாயத்தை ஒட்டினால் அமைச்சர் தப்பித்துவிடுவார். நாவலை வாசித்தவர் யாராவது சபையில் இருந்தால் இதைக் கடுமையாக மறுப்பார். அவருக்குக் குறைந்தது பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.