மணல்ல ஒரு சிட்னி அத்தி

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் எங்க கொல்லைல தென்னை, பனை, முருங்கைய தாண்டி எதுவும் நிக்காதுன்னு அப்பத்தா அடிச்சு சொல்லும், நான் எங்க கேட்டேன். மூணு வருசம் முன்னாடி போன்சாய்க்குன்னு ஒரு நர்சரில வச்சிருந்த போர்ட் ஜாக்சன் அத்திக் கன்ன தூக்கிட்டு வந்துட்டேன். போர்ட் ஜாக்சன்னா சிட்னி துறைமுகம் தான், 1770ல கேப்டன் குக் வச்ச பேரு. இலைக்கு அடியில துரு புடிச்ச மாதிரி செம்பழுப்பு ரோமம் இருக்கும். அங்க கடலோரப் பாறை இடுக்குல கூட வளருமாம், அப்ப நம்ம உப்புக் காத்த தாங்கும்னு கணக்கு போட்டேன்.

கணக்கு பாதி தான் சரி. காத்து ஒண்ணும் பண்ணல, ஆனா போர் தண்ணி ஊத்த ஊத்த இலை ஓரம் கருகி, அப்புறம் மழைத்தண்ணி புடிச்சு வச்சு ஊத்தி, ஆட்டுப் புழுக்கை போட்டு, கச்சான் காத்துல மணல் அடிக்காம ஓலை கட்டி விட்டா, புழுக்கை குடுத்த ஆடே வந்து பாதிய மேஞ்சிட்டு போயிருச்சு! மறுபடி துளிர்த்துச்சு, அத்தி ஜாதிக்கு அந்த வீம்பு உண்டு.

தரையில வைக்கல. ஆலமரத்துக்குச் சொந்தம்ல, வேர் செப்டிக் டேங்க்கையே தேடிப் போகும். பாதியா வெட்டுன டிரம்ல தான் நிக்குது.

"எப்ப பூக்கும்?"னு அப்பத்தா கேட்டுச்சு. பூவெல்லாம் காய்க்கு உள்ள தான் இருக்கும், அதுக்குன்னே இருக்குற ஒரு குட்டிக் குளவி உள்ள நுழைஞ்சா தான் விதை புடிக்கும்னேன். "அப்ப குளவியையும் வாங்கிட்டு வந்திருக்க வேண்டியதுதானடா"ங்குது.