மலைப்பாதையில் காது, வாளியில் கடல்: சேலத்திலிருந்து ஸ்கூபாவுக்கு எட்டு வாரம்

சேலத்துக்குக் கடல் கிடையாது. பஸ் பிடித்துப் போய் ஸ்கூபா டைவ் அடிக்க, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலடியில் நீந்த, கிட்டத்தில் இருப்பது புதுச்சேரிதான். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று அரை நாள் அதிலேயே போய்விடும். அங்கே போய்க் காது அடைக்கிறது, மாஸ்க்கில் ஆவி படிகிறது, மூழ்குவதற்குக் கட்டும் ஈயக்கட்டி போதவில்லை என்று முதல் டைவை வீணாக்கினால் போன காசு போனதுதான். அதனால் கடலைப் பார்க்கும் முன்பே ஊரில் எவ்வளவு பழகிக்கொள்ளலாம் என்று எட்டு வாரம் செய்து பார்த்ததன் குறிப்பு இது. சிலிண்டரும், அதிலிருந்து வாய்க்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டரும் மாட்டுவது சான்றிதழ் வகுப்பில், பயிற்சியாளர் கண் முன்னால்தான். இங்கே பெரும்பாலும் எழுதியிருப்பது அதற்கு முந்தைய வேலை.

முதல் இரண்டு வாரம்: காது

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது காது அடைக்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. மேலே சுமார் 1,515 மீட்டர், கீழே ஊர் 278 மீட்டர். இறங்க இறங்கக் காற்றழுத்தம் ஏறும். செவிப்பறைக்கு உட்புறம் இருக்கும் காற்று பழைய அழுத்தத்திலேயே நிற்பதால் பறை உள்ளே அமுங்கும். டைவில் இறங்கும்போது நடப்பதும் இதேதான். ஆகவே இறங்குகிற பஸ் ஒரு நல்ல வகுப்பறை. மேலே ஏறும்போது காற்று தானாகவே வெளியேறிவிடும், அதில் பழக ஒன்றுமில்லை.

அடைத்த காதைத் திறக்கும் மூன்று முறைகளைப் பழகியாயிற்று. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதுவது வல்சால்வா. மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது டாயின்பி. மூக்கைப் பிடித்து, தொண்டையை அடைத்து, நாக்கின் பின்பகுதியால் ‘க்’ என்று அழுத்திக் காற்றைத் தள்ளுவது ஃப்ரென்சல். முதல் முறை எல்லாருக்கும் உடனே வரும், ஆனால் ஊதும் வேகத்தைக் கூட்டிவிடும் ஆபத்து அதில்தான். மூன்றாவது வர ஒரு வாரம் பிடிக்கும், வந்துவிட்டால் அதுவே போதும். சரியாகச் செய்கிறோமா என்று பார்க்கக் கண்ணாடி முன் நின்று செய்யுங்கள். குரல்வளை மேடு மேலே ஏறி இறங்க வேண்டும், கன்னம் உப்பக்கூடாது, வயிறு இறுகக்கூடாது. வயிறு இறுகினால் அது வல்சால்வாதான். வண்டி ஓட்டுகிறவர் இதைச் செய்ய வேண்டாம், அவருக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுகள் 20. ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண் இருப்பது வசதி. முதல் தடவை காது அடைத்த பிறகு சரிசெய்ததில் இடது காது ஊர் வந்தும் திறக்கவில்லை. அடுத்த தடவை, அடைக்கிறதோ இல்லையோ, வளைவுக்கு ஒரு முறை செய்ததில் இரண்டு பக்கமும் ‘டிக்’ என்று திறந்தபடியே வந்தது. காரணம் எளிது. மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாயின் வாய் மெத்தென்ற தசை. வெளி அழுத்தம் கொஞ்சம் கூடிவிட்டால் அது ஒட்டிக்கொண்டு பூட்டிவிடும். பூட்டிய கதவை முட்டித் திறக்கப் பார்த்தால் உள்காதின் மெல்லிய சவ்வு கிழியலாம். வலி வந்த பிறகு செய்வது தாமதம்தான்.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு ஒரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். ஏற்காட்டில் காற்றழுத்தம் சுமார் 843 ஹெக்டோபாஸ்கல், சேலத்தில் சுமார் 980. வித்தியாசம் 137. தண்ணீரில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 100 ஹெக்டோபாஸ்கல் கூடும். அதாவது மலை முழுக்க இறங்கியதும் ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் தண்ணீரில் இறங்கியதும் காதுக்கு ஒன்றே. பஸ்ஸில் முக்கால் மணி நேரமாக நடப்பது கடலில் ஐந்து நொடியில் நடந்துவிடும். மலைப்பாதையில் காது திறக்கிறது என்றால் முறை கைவந்துவிட்டது என்று மட்டுமே பொருள். கடலில் ஒவ்வொரு அரை மீட்டருக்கும், முதல் ஐந்து மீட்டர் வரை ஒன்றையும் விடாமல் செய்தாக வேண்டும். காலை முதலில் விட்டு இறங்குவது, தாடையைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொள்வது, இரண்டும் உதவும். சளி இருந்தால் டைவ் வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கி, அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால் ஏறும்போது காற்று வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும்.

மலைக் காற்றைக் கீழே கொண்டுவந்தால்

ஏற்காட்டில் காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி சேலம் கொண்டுவந்தால் விலா ஒடுங்கிப்போயிருக்கும். எவ்வளவு ஒடுங்கியது என்று அளக்க, பாட்டிலைத் தலைகீழாக வாளித் தண்ணீருக்குள் பிடித்து மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே ஏறிய தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் தெரியும். கணக்குப்படி 140 மில்லி ஏற வேண்டும். முதல் முறை 100தான் ஏறியது. பாட்டில் வெயிலில் பையில் கிடந்து சூடாகி, காற்று விரிந்திருந்ததே காரணம். அடுத்த முறை வாளியிலேயே பத்து நிமிடம் ஆறவிட்டுத் திறந்ததில் 120 ஏறியது. மேலே குளிர், கீழே வெயில் என்ற வித்தியாசம் முழுதாகப் போகாது, மீதி அதில்தான். இந்தப் பாட்டிலை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தலைகீழாகத் திரும்ப வரும்.

மூன்றாம் வாரம்: வாளியில் கடல்

குளத்தில் சரியாக மூழ்கியவர் கடலில் கார்க் மாதிரி மிதப்பார். நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, கடல் நீர் சுமார் 1.025 கிலோ. இதைக் கையால் உணர பத்து லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல் உப்பு கரைத்தால் போதும். பக்கத்தில் இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டிலில் கிட்டத்தட்ட விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மிதக்கவும் மாட்டாமல் மூழ்கவும் மாட்டாமல் நிற்கும் அளவுக்குக் காற்றுக்குமிழி விட்டு மூடுங்கள். அதை உப்புத் தண்ணீர் வாளிக்கு மாற்றியதும் டபக்கென்று மேலே வந்துவிடும். மறுபடி நிறுத்த இரும்பு நட்டு 28 கிராம் கட்ட வேண்டியிருந்தது. தேவை 24, இரும்பையும் தண்ணீர் கொஞ்சம் தூக்குவதால் மீதி நாலு. உப்பு கரையாமல் அடியில் தங்கினால் கணக்கு தப்பும். நன்றாகக் கலக்கி, கால் மணி விட்டு, மறுபடி கலக்குங்கள்.

ஆளும் கியரும் சேர்ந்து 90 லிட்டர் இடம் பிடித்தால், குளத்திலிருந்து கடலுக்குப் போகையில் கூடுதலாக இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் ஈயம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. சிலிண்டருக்குள் இருக்கும் காற்றுக்கும் எடை இருக்கிறது. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் அழுத்தம் 200 பாரிலிருந்து 50 பாருக்கு (ஒரு பார் கிட்டத்தட்ட கடல்மட்டக் காற்றழுத்தம்) வரும்போது சுமார் இரண்டு கிலோ காற்று போய்விடும். டைவ் தொடங்கும்போது கச்சிதமாக இருந்த ஈயம் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் கடைசிக் கட்டத்தில் போதாமல் போவது இதனால்தான். பிசிடியிலிருந்து (மிதப்பைக் கூட்டிக் குறைக்கக் காற்று ஏற்றும் அங்கி) காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்து நிறுத்தினால் கண்மட்டத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மூழ்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே குமிழிப் பாட்டிலைக் குளத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தள்ளிவிட்டால் திரும்பி வராது. குமிழி அமுங்கிச் சிறுத்துவிடும், தூக்கும் விசை குறையும், இன்னும் கீழே போகும். பிசிடியும் நியோப்ரீன் (நுரை ரப்பர்) உடையும் செய்வது இதைத்தான். புதியவர்கள் அடியில் மணலைக் கிளப்புவதும் பவளப்பாறையில் மோதுவதும் இந்தக் குணம் தெரியாமல்தான்.

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை: நீச்சல் குளம்

ஸ்நார்க்கெல் (மூச்சுக் குழாய்), மாஸ்க், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மூன்றும் போதும். ஃபின் அடிப்பதில் சைக்கிள் மிதிப்பதுபோல முழங்கால் மடங்குவதுதான் எல்லாருக்கும் வரும் பிழை. இடுப்பிலிருந்து கால் அசைய வேண்டும். மாஸ்க்கில் பாதி தண்ணீர் விட்டு, நெற்றிப் பக்க விளிம்பை அழுத்தி, மேலே பார்த்தபடி மூக்கால் ஊதி வெளியேற்றுவதை முப்பது தடவை செய்தால் பயம் போய்விடும். மூச்சுப் பிடித்து நீருக்கடியில் எவ்வளவு நேரம் என்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் மூச்சுமுட்டும் உணர்வு வராமலே மயக்கம் வந்துவிடும்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையிலிருந்தே ஒரு மெல்லிய படலம் இருக்கும், ஆவி படிவது அதனால்தான். வெள்ளைப் பேஸ்ட்டை, ஜெல் வேண்டாம், உட்புறம் விரலால் தேய்த்து, கழுவி, இப்படி நாலைந்து முறை. பிறகு டைவுக்கு முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு. லைட்டர் காட்டி எரிக்கும் வித்தை நெட்டில் சுற்றுகிறது. கொஞ்சம் தவறினால் சிலிக்கோன் விளிம்பு கருகிவிடும், அதற்கு மாற்று கிடையாது. மீசை இருந்தால் மூக்கின் அடியில் ஒரு கோடு மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டால் கசிவு நிற்கும்.

ஏழாம் வாரம்: மீன்

மீன் மார்க்கெட்டில் பார்த்த மீனைக் கடலில் அடையாளம் தெரியாது. தட்டில் பக்கவாட்டில் கிடக்கும், நிறம் வெளுத்திருக்கும். அதற்கு மேல், தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். பத்து மீட்டருக்குக் கீழே சங்கரா சாம்பலாகத் தெரியும், டார்ச் அடித்தால் சட்டெனச் சிவக்கும். நிறத்தை விட்டு உருவத்தையும் நடத்தையையும் பிடித்துக்கொள்வதே வழி. பாரை கூட்டமாக, வாலை மட்டும் ஆட்டி விரையும். களவா பாறை நிழலில் அசையாமல் நிற்கும். ஊழி நீருக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கும். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தமே காதில் விழும், பின்னால் வெள்ளை மணலைக் கொட்டிக்கொண்டே போகும். அஞ்சாலை பொந்திலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது மிரட்டலில்லை, அது மூச்சுவிடுகிறது.

கவனிக்க வேண்டியது பெரிய கிளாத்தி, டைட்டன் என்பார்கள். முட்டை காக்கும் காலத்தில் அதன் எல்லை கூம்பு வடிவில் மேலே விரியும். துரத்தினால் மேலே ஏறாதீர்கள், பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். லயன்ஃபிஷ் முதுகு முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், முப்பது நிமிடமாவது குத்துப்பட்ட இடத்தை முக்கி வைக்க வேண்டும். சூடு சரியா என்று குத்துப்படாத கையால் பாருங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு தெரியாது. பட்டை போட்ட கடல் பாம்புக்குக் கடும் விஷம், ஆனால் சீண்டாதவரை கடிக்க வராது. கோமாளி மீன் கூட்டத்தில் பெரியது பெண். அது செத்தால் அடுத்த ஆண் பெண்ணாகிவிடும்.

எங்கே, எப்போது

புதுச்சேரியில் கரையிலிருந்து படகில் போய் இறங்குவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கலங்கிவிடும். அந்தமானுக்கு ஜனவரி முதல் மே வரை. சுவராஜ் தீவு என்று 2018இல் பெயர் மாறிய ஹேவ்லாக்கில் கரையிலிருந்தே நடந்து இறங்கும் நீமோ ரீஃப் முதல் டைவுக்கு ஏற்றது. டிக்சன்ஸ் பின்னக்கிள், ஜானிஸ் கார்ஜ் இரண்டும் ஆழம், அட்வான்ஸ்டு சான்றிதழோடு போங்கள். திருகோணமலை மே முதல் செப்டம்பர் வரை, நம் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பருவம் என்பதால் வசதி. தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுவில் மூடி அக்டோபர் நடுவில் திறக்கும். பாலித் தீவின் துலம்பென்னில் 1942இல் டார்பிடோ தாக்கிக் கரையேற்றப்பட்ட லிபர்ட்டி கப்பல், 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. கரையிலிருந்தே நீந்திப் போகலாம்.

எட்டாம் வாரம்: மூச்சுக் கணக்கு

முதல் கடல் டைவில் சராசரி ஆழம் 12 மீட்டர், 35 நிமிடத்தில் 200 பாரிலிருந்து 60. 140 பாரை 11 லிட்டரால் பெருக்கினால் 1,540 லிட்டர், நிமிடத்துக்கு 44. அங்கே அழுத்தம் 2.2 பார், வகுத்தால் மேற்பரப்பில் 20 லிட்டர். இரண்டாவது டைவில் கையை ஆட்டாமல் மார்பில் கட்டிக்கொண்டு, மூச்சை நீட்டி விட்டதில் 40 நிமிடத்தில் 130 பார், அதாவது 16 லிட்டர். ஈயத்தையும் ஒரு கிலோ குறைத்திருந்தது. ஈயம் அதிகமிருந்தால் பிசிடியில் காற்று அதிகம் விட வேண்டிவரும், உடல் சரிந்து நிற்கும், கால் ஓயாமல் அடிக்கும். காற்று தீர்வது அதில்தான்.

திரும்பி வரும்போது

இப்போது அந்தப் பாட்டில். கீழே வந்தபோது ஒடுங்கிய காற்று மேலே போனால் விரியும். டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் மலை ஏறினால் அழுத்தம் குறைந்து அது குமிழியாகலாம். கடல்மட்டத்துக் குமிழி ஒன்று ஏற்காட்டில் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகும். டைவுக்குப் பின் விமானம் ஏறக் காத்திருக்கும் விதி 2,000 முதல் 8,000 அடி வரை, அதாவது சுமார் 610 முதல் 2,440 மீட்டர் வரையிலான உயரத்துக்குப் பொருந்தும். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18, நிறுத்தங்களோடு ஏற வேண்டிய ஆழ டைவ் என்றால் அதற்கும் மேல். மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் தடிப்பு, காரணமில்லாத அசதி வந்தால் தூங்கிப் பார்க்காமல் ஆக்சிஜனும் மருத்துவரும்.

புதுச்சேரியிலிருந்து சேலம் வரும் வழி தாழ்வு, பிரச்சினையில்லை. கர்நாடகக் கரையில் முருடேஸ்வரம் பக்கத்து நேத்ராணித் தீவில் டைவ் அடித்துவிட்டு அன்றிரவே பெங்களூரு வழியாகத் திரும்புகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி 900 மீட்டர் பீடபூமிக்கு வந்தாக வேண்டும், ஒரு நாள் தங்குவது தப்பில்லை. ஏற்காட்டில் வேலை பார்ப்பவர் புதுச்சேரியில் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு இரண்டாவது டைவை முடித்தால் திங்கள் காலை ஐந்துக்கு 18 மணி நேரம் ஆகிவிடும். ராத்திரி ஊரில் தங்கிவிட்டு, அதன் பிறகு கிளம்பும் பஸ்ஸில் மேலே போகலாம்.